குல்லாவும் இல்லை, தொப்பியும் இல்லை: ஒரு வியாதிப் பெயரும் என் வயிற்றெரிச்சலும்

முதலிலேயே ஒரு டிஸ்கி. நான் டாக்டர் இல்லை. பி.காம். மூன்றாம் வருடம். பிரெஞ்சு தெரியும் என்றும் மார்தட்ட மாட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டு, காலேஜில் மொழிப்பாடத்துக்குப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று சீனியர் அண்ணன்கள் சொன்னதை நம்பி எடுத்தவன். நாலு செமஸ்டர் ஓடியது. மார்க் வந்தது. மொழி வந்ததா என்பது வேறு கதை. ஆனாலும் இந்தப் பதிவை எழுத அந்த நாலு செமஸ்டர் போதும் என்று நினைக்கிறேன். தப்பிருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் பெரியப்பாவுக்கு நாலைந்து நாள் வயிற்றுப்போக்கு. சரியாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் பாதத்தில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. மூன்றாம் நாள் நாற்காலியிலிருந்தே எழ முடியவில்லை. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, ட்யூட்டியில் இருந்த இளம் டாக்டர் வியாதியின் பெயரைச் சொன்னார். பெரியம்மா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "என்னங்கய்யா, குல்லா பாரியா?"

டாக்டர் சிரித்தார். பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்தார். "குல்லாவும் இல்ல, தொப்பியும் இல்லம்மா. கில்லியன் பார்! கில்லியன் பார்!"

பெரியம்மாவும் கூடவே சிரித்துவைத்தார். வேறென்ன செய்வார், பாவம். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயால் யாரிடமும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் போன் செய்தால் "நரம்பு வியாதியாம்" என்பதோடு சரி. இன்சூரன்ஸ் மேஜையில் ஒரு பையன் "என்ன வியாதிம்மா?" என்று கேட்டபோதும் அதேதான். "நரம்பு தளர்ச்சி தம்பி." அவனும் அதையே ஆங்கிலத்தில் தட்டி அனுப்பிவிட்டான்.

நரம்புத் தளர்ச்சி! பஸ் ஸ்டாண்டு சுவரில் எந்த லாட்ஜுக்கு எந்தத் தேதியில் எந்த வைத்தியர் வருகிறார் என்று ஒட்டியிருப்பார்களே, அந்த வார்த்தை. டாக்டர் எழுதிய குறிப்பில் ஒரு வியாதி, படிவத்தில் வேறொரு வியாதி. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கேள்வி வந்து, நாங்கள் பதில் போட்டு, அனுமதி வருவதற்குள் ஒன்றரை நாள் போய்விட்டது. அந்த ஊசி மருந்து ஐந்து நாள் கோர்ஸ். சில லட்சம் ஆகும். முதல் நாள் மருந்து அண்ணியின் வளையலை வைத்து வாங்கிய பணத்தில்தான் ஏறியது.

இப்போது சொல்லுங்கள், "உயிர் போகிற நேரத்தில் உச்சரிப்பு முக்கியமா?" என்று. வகுப்பில் இதைச் சொன்னபோது நண்பன் ஒருவன் அப்படித்தான் கேட்டான். டேய், உயிர் போகிற நேரத்தில்தான்டா முக்கியம். சரியாகச் சொல்வதற்காக இல்லை. சொல்லத் தைரியம் வேண்டும், அதற்காக.

எனக்கு வயிறு எரிந்த காரணம் இன்னொன்றும் உண்டு. சிரித்த டாக்டர் சொன்னதும் தப்பு!

அந்தப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுத்துக்கூட்டிக் காட்டுகிறேன். முதல் சொல்: ஜி, யு, ஐ, எல், எல், ஏ, ஐ, என். அடுத்து ஒரு சிறுகோடு. இரண்டாம் சொல்: பி, ஏ, ஆர், ஆர், ஈ. அந்தக் கடைசி ஈ தலையில் ஒரு சாய்கோடு இருக்கிறது. அதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறேன்.

இரண்டும் ஆட்களின் பெயர்கள். 1916-ல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிரெஞ்சு ராணுவத்தின் நரம்பியல் மையம் ஒன்றில் மூன்று டாக்டர்கள் இரண்டு சிப்பாய்களைப் பரிசோதித்தார்கள். கைகால் வலுவிழந்துவிட்டது. முழங்காலில் தட்டினால் கால் உதறவில்லை. தண்டுவட நீரில் புரதம் ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது. ஆனால் கிருமித் தொற்றில் பெருகுவது போல அணுக்கள் பெருகவில்லை. இந்த முரண்பாடுதான் அவர்கள் கண்டுபிடித்தது. நூறு வருடம் கழித்தும் பெரியப்பாவின் முதுகில் ஊசி போட்டுத் தேடியது அதைத்தான். ஜார்ஜ் என்பவர் முதல் டாக்டர். ழான் அலெக்சாந்தர் இரண்டாமவர். மூன்றாவது ஆள் ஆந்த்ரே ஸ்த்ரோல். பெயர் வைத்தபோது ஸ்த்ரோலைக் கழற்றிவிட்டார்கள். அவர்களுக்கு முன்பே 1859-ல் லாந்த்ரி என்ற இன்னொரு பிரெஞ்சு டாக்டர், காலில் தொடங்கி மேலே ஏறும் பக்கவாதம் என்று இதை விவரித்திருந்தார். அவர் பெயரும் பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. பங்கு பிரிப்பதில் பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் தோற்றது போங்கள்.

சரி, மிச்சமிருக்கும் இரண்டு பெயருக்கு வருவோம்.

ஜி-க்குப் பக்கத்தில் யு ஏன் நிற்கிறது? உச்சரிக்க இல்லை. காவல் காக்க. பிரெஞ்சில் ஜி-க்குப் பின்னால் ஐ அல்லது ஈ வந்தால் அது 'ழி' மாதிரி, ஆங்கில 'விஷன்' நடுவில் வரும் ஒலியாக மாறிவிடும். 'கி' என்றே ஒலிக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு யு போட வேண்டும். கித்தார் என்ற சொல்லில் உள்ள யு-வும் அப்படித்தான். யாராவது 'குயித்தார்' வாசிக்கிறார்களா? ஆனால் 2025 ஜனவரியில் புனேயில் இந்த வியாதி நிறையப் பேருக்கு வந்தபோது நம் பத்திரிகைகளில் 'குய்லின்' வந்தது, 'குல்லியன்' வந்தது. பெரியம்மாவின் குல்லாவுக்கும் இதற்கும் என்ன பெரிய தூரம்? அச்சில் வந்தால் செய்தி, பெரியம்மா சொன்னால் ஜோக்.

அடுத்தது இரட்டை எல், இரட்டை ஆர். என் கோபத்தின் மையம் இதுதான். சொல்லை அசை பிரித்துக் கற்றுத்தருகிறேன் என்று கிளம்புகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் விழுகிறார்கள். எங்கள் வகுப்பிலும் கரும்பலகையில் கோடு போட்டுக் கைதட்டிப் பிரிக்கச் சொல்லித்தந்தார்கள். இரட்டை மெய் வந்தால் நடுவில் வெட்டு. அதன்படி இந்தப் பெயர் கில்-லன், பார்-ரே என்று வெட்டுப்படும். விதி சரிதான். ஆனால் அது எதற்கான விதி? வரியின் ஓரத்தில் இடம் போதாமல் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோக அச்சுக்கோப்பவருக்கான விதி. கைக்கான விதியை வாய்க்குக் கொடுத்தால் எப்படி? ஆப்பிளுக்குப் பிரெஞ்சில் 'பொம்'. எழுத்தில் இரட்டை எம், பின்னால் ஒரு ஈ. ஏட்டில் பிரித்தால் இரண்டு துண்டு. பாரிஸ் மார்க்கெட்டில் கேட்டால் ஒரே அசை. வேலை செய்ய: எழுத்தில் த்ரா-வை-லே என்று நடுவே இரட்டை எல்லைப் பிளக்கிறார்கள், பேச்சில் அங்கே எல்லே கிடையாது, 'த்ரவயே' என்று யகரமாகி வழுக்கிப் போகிறது.

பிரெஞ்சுக்காரர் வாயில் மெய் எப்போதும் அடுத்த உயிரின் மேல் தாவத்தான் பார்க்கும். நமக்கு இது புதுசா? நாள் இதழ் என்று தனித்தனியாக எழுதினாலும் வாயில் நாளிதழ்தானே. ப-ரே. அவ்வளவுதான். இரண்டு ஆர் எழுதினாலும் ஒரே ர, அதுவும் பின்னால் இருக்கும் ஏ மேல் ஏறி உட்கார்ந்துவிடும். முன்னால் மிச்சம் நிற்பது வெறும் ப. கி-லன், ப-ரே. மொத்தம் நாலு அசை.

இங்கே ஆங்கிலக்காரனை விட நமக்குத்தான் ஆபத்து அதிகம், கவனிச்சீங்களா? ஆங்கிலத்திலும் இரட்டை எழுத்து பெரும்பாலும் சும்மா அலங்காரம். தமிழில் அப்படியில்லை. படு வேறு, பட்டு வேறு. கலி வேறு, கல்லி வேறு. நாம் இரட்டை மெய்யை எழுதினால் அழுத்தித்தான் படிப்போம், அதுதான் நம் மொழியின் நேர்மை. அதனால்தான் ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே 'கில்லன் பார்ரே' என்று தமிழில் அச்சடிப்பது இரட்டைத் தப்பு. பிரெஞ்சில் இல்லாத அழுத்தத்தைத் தமிழில் நிஜமாகவே உண்டாக்கிவிடுகிறது.

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் நினைவிருக்கிறவர்களுக்காக ஒன்று. 'கில்லன்' நேர் நேர், தேமா. 'பார்ரே' நேர் நேர், இன்னொரு தேமா. சரியான 'கிலன்பரே'வை அலகிட்டுப் பாருங்கள். கிலன் நிரை. பரே நிரை. கருவிளம்! (யாப்பில் இரண்டு குறில் சேர்ந்து ஓரசை ஆகிவிடும், அதனால் பிரெஞ்சுக்காரருக்கு நாலு அசை, நமக்கு இரண்டு. புலவர்கள் அடிக்க வராதீர்கள்.) தேமா தேமா என்று இழுத்தால் அது வேறு தாளம், வேறு பெயர்.

முதல் பெயரில் எல் உண்டா, யகரமா என்று ஒரு சண்டை இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆள் உண்டு. கில்லட்டின் என்று நாம் சொல்கிற தலைவெட்டும் யந்திரம், பிரெஞ்சில் 'கியொத்தின்'. அங்கே இரட்டை எல் யகரமாகிவிடுகிறது. (அதுவும் ஒரு டாக்டரின் பெயர்தான். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. 1789-ல் எல்லோருக்கும் ஒரே மாதிரி, வலியில்லாத மரண தண்டனை வேண்டுமென்று சபையில் பேசினார், அவ்வளவே. மாட்டிக்கொண்டார்.) இன்னொரு பக்கம், நகரம் என்ற பொருளில் வரும் 'வில்', ஆயிரம் என்ற 'மில்', வடக்கே இருக்கும் லீல் நகரம், இவற்றில் இரட்டை எல் ஒழுங்காக ல் ஆகவே ஒலிக்கிறது. நம்ம டாக்டர் பெயருக்குப் பிரான்சில் லகரத்தோடு சொல்வதே வழக்கம். அமெரிக்காவில் 'கியான்' என்பவர்களும் ஏராளம், அங்கத்திய அகராதிகளில் இரண்டும் இருக்கிறது. ஆக 'கியன் பரே' என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். இரண்டிலும் சேராத 'கில்லியன்' எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன். அது ஆங்கிலப் பெண் பெயர் ஒன்றின் சாயல். கண் பார்த்ததை மூளை தெரிந்த பெயராக மாற்றிக்கொண்டது. பெரியம்மாவின் மூளை குல்லாவாக மாற்றியதே, அதே வேலை.

அப்புறம் அந்தக் கடைசி ஒலி. மூக்கொலி. "பிரெஞ்சு மூக்கொலி நமக்கு வராது சார்" என்று வகுப்பில் பாதிப் பேர் கை தூக்கினோம். சுத்தப் பொய். 'அவன்' என்று எழுதுகிறோமே, பேசும்போது கடைசியில் நாக்கு மேலே தொட்டு ன் என்று முடிக்கிறோமா? "அவன் வந்தான்" என்று வீட்டில் பேசுவது போலச் சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட 'அவெ' என்று வந்து ன் மூக்குக்குள் கரைந்துவிடும். அந்த 'வெ'யில் இருக்கிற மூக்கடிப்புதான் அந்த டாக்டர் பெயரின் கடைசியில் இருப்பதும். கி சொல்லுங்கள். 'அவன்' கடைசியை ஒட்டுங்கள், நடுவில் ஒரு ல். முடிந்தது. இங்கிலாந்துக்காரன் வருடக்கணக்கில் பயிற்சி எடுக்கும் ஒலி, நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. அதை எடுக்காமல் லண்டன் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் 'லைன்' என்றும் 'லெய்ன்' என்றும் எழுதுகிறோம்.

சாய்கோட்டுக்கு வருகிறேன் என்றேனே. இந்திய ஆங்கிலப் பேப்பர்களில் அதைப் போடுவது அபூர்வம். தட்டச்சில் இல்லை, யார் தேடுவது? ஆனால் பிரெஞ்சில் அது பொட்டு அல்ல, உயிர். அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் கடைசி ஈ ஊமையாகிவிடும். அப்போது அது நிஜமாகவே 'பார்' என்ற ஒரே அசைதான். கம்பி, தடி என்று அர்த்தம் வரும் இன்னொரு சொல். அதாவது ஒரு மனுஷனின் பெயரில் பாதி அசை ஒரு கோட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் ட்யூட்டி டாக்டரின் 'பார்' இப்படி வந்ததுதான். தமிழில் அந்தப் பிரச்சினையே இல்லை. ரே என்று எழுதிவிட்டால் ரே. வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனதாகப் படித்தோமே, அது இந்த மாதிரி சமயத்துக்குத்தான். போதாததற்கு நம் ஏ சுத்தமான ஏ. ஆங்கிலக்காரன் 'ரேய்' என்று இழுத்துக் கடைசியில் ய் சேர்ப்பான். பிரெஞ்சில் அந்த வால் கிடையாது. நமக்கும் கிடையாது.

"இதெல்லாம் எதுக்கு, ஜி.பி.எஸ். என்று சொல்லிவிட்டுப் போகலாமே" என்பது அடுத்த ஞானம். மகா யோசனை. தமிழில் எழுதிப் பாருங்கள். வண்டியில் வழி காட்டும் கருவிக்கும் அதே எழுத்துதான், அதே புள்ளிதான். ஒரு மாமா ஆஸ்பத்திரி வாட்ஸப் செய்தியைப் படித்துவிட்டு "ஜி.பி.எஸ். பிரச்சினைன்னா வழி மாறிப் போயிட்டீங்களா?" என்று போன் செய்தார். அன்றைக்கு நாங்கள் சிரித்த ஒரே தடவை அது.

தமிழிலேயே பெயர் வைத்துவிடலாம் என்ற கட்சிக்கும் ஒரு வார்த்தை. வைக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி குழம்பிப்போய்ச் சொந்த நரம்புகளையே தாக்குகிற நோய் என்று விளக்கமாகவும் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த ஊர் டாக்டரிடம், பிசியோதெரபிஸ்டிடம், இன்சூரன்ஸ் பையனிடம் காட்ட வேண்டியது உலகம் முழுக்க ஒன்றாக இருக்கும் அந்த ஆள் பெயர்தான். அதை நோயாளியின் வீட்டார் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு பேரிடம் எனக்குச் சண்டை. ஒன்று, ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் எழுத்துப் பெயர்க்கிற பத்திரிகைக்காரர்கள். முந்நூறு வருடத்துக்கு முன்னால் இதே புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தார். துய்ப்ளேயின் துபாஷி. 1736-லிருந்து தினமும் நாட்குறிப்பு எழுதினார், தமிழில். பிரெஞ்சுக் கவர்னர், கேப்டன், வியாபாரி, எல்லார் பெயரையும் காதால் கேட்டுத் தமிழில் எழுதினார். நடுவில் ஆங்கிலம் என்ற சுங்கச்சாவடியே இல்லை. இன்று நமக்கு ஒலிப்பதிவு இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் பிரெஞ்சுக்காரரே சொல்லிக்காட்டுகிறார். ஆனாலும் காதை மூடிக்கொண்டு கண்ணால்தான் எழுதுவோம்.

இரண்டாவது, சிரிக்கிறவர்கள். தப்பாகச் சொல்வது குற்றமே இல்லை. நானே இந்த வியாதிக்கு முன்னால் அந்தப் பெயரை எப்படிப் படித்திருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒரு தப்பான உச்சரிப்பை இன்னொரு தப்பான உச்சரிப்பால் கிண்டல் செய்ய யார் உரிமை கொடுத்தது? இங்கிலீஷ் வாசனை அடித்தால் தப்பு சரியாகிவிடுமா? இந்த நோய் வருடத்துக்கு லட்சம் பேரில் ஒருவர் இருவருக்குத்தான் வரும். அந்த ஒருவரின் மனைவி அந்தப் பெயரை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறார், அதுவும் புருஷனின் கால் செயலிழந்து கிடக்கும்போது. ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? கி, ல, ன், ப, ரே. ஐந்து எழுத்து.

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். மூச்சு யந்திரம் வரை போகவில்லை, அதிர்ஷ்டம். மூன்று மாதம் வாக்கர், இப்போது கைத்தடி. முட்டியில் தட்டினால் கால் இன்னும் சரியாக உதறவில்லை என்று பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார். நான் எழுதிக்கொடுத்த சீட்டைப் பெரியம்மா சமையலறைக் காலண்டரில் கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே ஒட்டியிருக்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்து "மாமாவுக்கு என்னமோ பார் வியாதின்னாங்களே" என்று கேட்டபோது, அடுப்பைப் பார்த்தபடியே "பார் இல்லடி, பரே" என்றார்.